போரில் விற்கப்படும் மனிதர்கள்: சர்வதேசச் சட்டம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

நெய்தல்வாணன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக மனதை அரிக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

2015 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை, போர்ச் சூழலில் நடக்கும் மனிதக் கடத்தலைப் பற்றி முதல் முறையாகத் தனிக்கூட்டம் நடத்தியது. வட இராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐ.எஸ். அமைப்பால் பிடிக்கப்பட்டு, மோசுலுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடிமையாக வைக்கப்பட்டுத் தப்பிவந்த நாதியா முராத் அங்கே பேசினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 20இல் 2331ஆம் தீர்மானம், 2017 நவம்பர் 21இல் 2388ஆம் தீர்மானம். இரண்டுமே ஒருமனதாக நிறைவேறின.

அவற்றை முழுதாகப் படித்தேன். வாசகங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. கடத்தலைப் பயங்கரவாதத்தோடும் போர்க்காலப் பாலியல் வன்முறையோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பயங்கரவாதக் குழுக்களிடம் சிக்கியவர்களைப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் நிவாரணம் கேட்க முடியும் என்கிறார்கள். கட்டாயத்தின் பேரில் செய்த காரியங்களுக்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்கிறார்கள்.

இதற்கெல்லாம் அடித்தளம் மனிதக் கடத்தலைத் தடுக்க ஐ.நா.வில் உருவான 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, அடைத்துவைப்பது போன்ற செயல். மிரட்டல், ஏமாற்று, கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். 18 வயதுக்குக் கீழே என்றால் வழியை நிரூபிக்கத் தேவையே இல்லை. 180க்கும் அதிகமான நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன.

என் சிக்கல் என்னவென்றால், அந்த நெறிமுறை முழுவதும் ஓர் அரசு இயங்குகிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. போலீஸ் புகார் வாங்கும், வழக்குப் போட ஆள் இருப்பார், காப்பகம் இருக்கும், எல்லையில் அதிகாரி நிற்பார். போர் நடக்கும் இடத்தில் இவை எதுவும் இருக்காது. இருந்தாலும் அந்த எல்லை அதிகாரியே கடத்தல்காரனின் கூட்டாளியாக இருக்கலாம். அப்படியானால் இந்தப் பத்து வருடத்தில் சர்வதேச முயற்சி என்று சொல்லப்படுவது யாரைக் காப்பாற்றியிருக்கிறது? தெரிந்த வழக்கு, தெரிந்த இடம் வைத்துப் பேசுவோம்.

---

மீரா வழக்கறிஞர் எழுதியது:

நல்ல கேள்வி. ஒரு சின்னத் திருத்தத்தோடு தொடங்குகிறேன். போரில் நடக்கும் கடத்தலைப் பிடிக்க பலெர்மோ மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நீதிமன்றங்கள் பெரும்பாலும் வேறு சட்டப்பிரிவுகளில்தான் பிடித்திருக்கின்றன.

பொஸ்னியாவின் ஃபோச்சா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெண்களையும் சிறுமிகளையும் வீடுகளில் அடைத்துவைத்தார்கள், சிலரைக் காசுக்குக் கைமாற்றினார்கள். முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 2001 பிப்ரவரி 22இல் இதைச் செய்த பொஸ்னிய செர்பியப் படையினர் மூவரில் குனாரச்சுக்கு 28 ஆண்டு, கோவாச்சுக்கு 20 ஆண்டு, வுக்கோவிச்சுக்கு 12 ஆண்டு விதித்தது. பாலியல் சுரண்டலை அடிமைப்படுத்தல் என்ற மானுடத்துக்கு எதிரான குற்றமாகப் பார்த்த தீர்ப்பு அது. சங்கிலி போட்டிருந்தார்களா என்பதோடு நீதிபதிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. நடமாட்டத்தை யார் கட்டுப்படுத்தினார், தப்பிக்க நினைத்தால் என்ன ஆகும் என்ற பயம் எப்படி ஊட்டப்பட்டது என்றெல்லாம் பார்த்தார்கள். வெளியே போனாலும் எதிரியின் கையில்தான் விழ வேண்டும் என்ற நிலையில், கதவு திறந்தே கிடந்தாலும் அவர்கள் கைதிகள்தான்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம் 7ஆம் பிரிவில், அடிமைப்படுத்தல் என்பதற்குள் ஆட்களைக் கடத்தும்போது அந்த அதிகாரத்தைச் செலுத்துவதும் அடங்கும், குறிப்பாகப் பெண்களையும் குழந்தைகளையும், என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஜெனிவா உடன்படிக்கைகளின் இரண்டாம் கூடுதல் நெறிமுறை. உள்நாட்டுப் போரிலும் அடிமைத்தனமும் அடிமை வணிகமும் எந்த வடிவிலும் கூடாது என்கிறது.

ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை. குற்றப்பத்திரிகையில் எதை எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்காவின் வழக்கில் 2012இல் குழந்தைகளைப் படையில் சேர்த்ததற்காகத் தண்டனை வந்தது. ஆனால் அதே முகாம்களில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை குற்றச்சாட்டில் இடம்பெறவே இல்லை. சாட்சிகள் நீதிமன்றத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். தீர்ப்பில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

இராக்கிலும் இதே கதைதான். ஐ.எஸ். ஆட்களைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நிறுத்தினார்கள். அமைப்பில் உறுப்பினராக இருந்தான் என்பதோடு வழக்கு முடிந்தது. யாரை வாங்கினான், யாருக்கு விற்றான் என்று பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. விற்கப்பட்ட பெண்ணுக்கு அந்த நீதிமன்றங்களில் பெரும்பாலும் நாற்காலியே இல்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

மாறாக ஜெர்மனியைப் பாருங்கள். 2021 நவம்பர் 30இல் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம், சிஞ்சார் பகுதியின் சிறுபான்மை மதத்தவரான யசீதிகளில் ஒரு தாயையும் ஐந்து வயது மகளையும் அடிமைகளாக வாங்கி, அந்தச் சிறுமியை வெயிலில் கட்டிவைத்துச் சாகவிட்ட ஐ.எஸ். ஆளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. யசீதிகளுக்கு எதிரான இனப்படுகொலைக்காக உலகில் வந்த முதல் தண்டனை அது. குற்றம் நடந்தது இராக்கில். குற்றவாளியும் ஜெர்மன் குடிமகன் இல்லை. எங்கே நடந்தாலும் எங்கள் நீதிமன்றம் விசாரிக்கும் என்ற உலகளாவிய அதிகார வரம்பை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். அந்தத் தாய் நீதிமன்றத்தில் நேரில் சாட்சி சொன்னார்.

---

பாரி எழுதியது:

மீரா மேடம், ஒரு அடிப்படைச் சந்தேகம். போரிலிருந்து தப்பிக்க ஒருவன் காசு கொடுத்துப் படகில் ஏறுகிறான். அந்தப் படகுக்காரனும் இந்தச் சட்டத்தில் வருவானா?

---

மீரா வழக்கறிஞர் எழுதியது:

அதற்கு பலெர்மோவிலேயே தனி நெறிமுறை இருக்கிறது பாரி. காசு வாங்கி எல்லை தாண்டவிட்டு, அத்தோடு தொடர்பு முடிந்தால் அது வேறு குற்றம். சுரண்டும் நோக்கம் இருந்தால்தான் மனிதக் கடத்தல். ஆனால் போர்ப் பாதைகளில் முதலாவது இரண்டாவதாக மாற ஓர் இரவு போதும். பாதி வழியில் நிறுத்தி, வீட்டுக்குப் போன் போட்டு இன்னும் பணம் கேட்பது, வராவிட்டால் இன்னொருவனிடம் விற்பது. லிபியாவில் வருடக்கணக்கில் நடப்பது இதுதான்.

---

அரசு எழுதியது:

லிபியா என்று சொன்னதால் வருகிறேன்.

2017 நவம்பரில் லிபியாவில் மனிதர்களை ஏலம் விடும் வீடியோ வெளியானது. உலகம் அதிர்ந்தது. 2018 ஜூனில் பாதுகாப்பு சபையின் தடைக் குழு ஆறு பேரை மனிதக் கடத்தலுக்காகத் தடைப்பட்டியலில் போட்டது. கடத்தல்காரர்கள் என்ற காரணத்துக்காக ஐ.நா. தடை விதித்தது அதுவே முதல் முறை. சொத்து முடக்கம், பயணத் தடை. நல்ல காரியம், மறுக்கவில்லை.

அந்த ஆறு பேரில் ஒருவர் பிஜா என்று அறியப்பட்ட அப்துல் ரஹ்மான் அல் மிலாத். ஸாவியா பகுதிக் கடலோரக் காவல்படையின் தலைவர்! நடுக்கடலில் அகதிகளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் பணமும் பயிற்சியும் கொடுத்து வளர்த்த அதே காவல்படை. 2020 அக்டோபரில் அவரைக் கைது செய்தார்கள். 2021 ஏப்ரலில் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தார்கள், பதவி உயர்வும் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். எந்த நீதிமன்றமும் அவரிடம் கேள்வி கேட்டு முடிக்கவில்லை.

2025 ஜனவரியில் இன்னொன்று. திரிப்போலியில் மிட்டிகா சிறையை நடத்தியவர் மீது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டிருந்தது. இத்தாலியின் தூரின் நகரில் பிடித்தார்கள். இரண்டே நாளில் அரசு விமானத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். கடத்தலைத் தடுப்பதும் அகதி வராமல் தடுப்பதும் ஒரே மேசையில் வைக்கப்பட்டால், இரண்டாவதுதான் எப்போதும் ஜெயிக்கிறது. கடலில் ஆளைத் திருப்பி அனுப்ப உதவுகிறவன் கரையில் என்ன செய்கிறான் என்று கேட்க யாருக்கும் மனமில்லை. தீர்மானங்களைப் படித்து ஆறுதல் அடைய என்னால் முடியவில்லை.

---

தமிழ்ச்செல்வி எழுதியது:

அரசு அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. நான் பார்த்த பக்கத்தைச் சொல்கிறேன். அகதிகள் வந்து சேரும் இடத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்திருக்கிறேன். இடத்தையும் அமைப்பையும் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

வந்து இறங்குபவரிடம் பதிவுப் படிவத்தில் கேட்பவை: பெயர், வயது, குடும்பம், நோய், கர்ப்பமா. யார் கூட்டிவந்தார்கள், அவருக்குக் கடன் இருக்கிறதா, ஆவணங்கள் யார் கையில் இருக்கின்றன, அடுத்து எங்கே போகச் சொல்லியிருக்கிறார்கள்? இந்த நான்கு கேள்விகளையும் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பக்கத்திலேயே 'மாமா' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பேச ஒரு தனி அறைகூட இருக்காது. மொழிபெயர்ப்பாளர் ஆணாக இருந்தால் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

பேரிடர் நிவாரணத்தில் முதலில் தண்ணீர், கூடாரம், மருந்து. கடத்தல் என்பது நிலைமை அடங்கிய பிறகு பார்க்க வேண்டிய விஷயம் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பில் கடத்தலுக்கென்று தனிப் பணிக்குழு 2017இல்தான் வந்தது. களப்பணியாளர்களுக்கான கையேடு 2020இல். பலெர்மோவுக்கு இருபது வருடம் கழித்து! கூடாரத்துக்கு வெளியே ஏஜென்ட் முதல் நாளே வந்து நிற்கிறான். நாம் இருபது வருடம் கழித்துப் போகிறோம்.

ஆனால் ஒரு இடத்தில் வேறு மாதிரி நடந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் பெண்களும் குழந்தைகளுமாக லட்சக்கணக்கில் எல்லைக்கு வந்தார்கள். ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்ததால் கூட்டத்தில் பெரும்பாலும் பெண்களே. 'இலவச சவாரி, தங்க இடம் உண்டு' என்ற அட்டையோடு முன்பின் தெரியாதவர்கள் நின்றார்கள். பெரும்பாலோர் உண்மையிலேயே நல்ல மனசுக்காரர்கள். யார் அப்படி இல்லை என்று பார்த்தவுடன் தெரியாது. எல்லோரும் மிக மோசமானதை எதிர்பார்த்தார்கள். மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வந்த உடனே தங்க உரிமை, வேலை செய்ய உரிமை, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவம். வழியில் வண்டி எண்களையும் ஓட்டுநர் விவரங்களையும் பதிவு செய்தார்கள். எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் அவர்கள் மொழியிலேயே போயின.

அஞ்சிய அளவுக்கு உறுதியான கடத்தல் வழக்குகள் அங்கே வரவில்லை. ஏஜென்ட்டுக்கு விற்க ஒன்றுமில்லாமல் போயிற்று. விசா, வேலை, எல்லை தாண்டும் வழி, இவைதானே அவனுடைய சரக்கு? அரசே அதை இலவசமாகக் கொடுத்துவிட்டது.

---

அரசு எழுதியது:

செல்வி, அதையேதான் நானும் சொல்கிறேன். முடியும் என்று தெரிந்தது. சிரியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் வந்தவர்களுக்கு ஏன் அது கிடைக்கவில்லை?

இன்னொன்று. வழக்கு குறைவு என்றால் குற்றம் குறைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டுவேலையிலும் பண்ணையிலும் சிக்கியவர்கள் வெளியே தெரிய வருடங்கள் ஆகும்.

---

தமிழ்ச்செல்வி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், இரண்டையுமே. பொஸ்னியாவிலும் பல பெண்கள் பேசவே பத்துப் பதினைந்து வருடம் ஆனது.

---

குறிஞ்சி எழுதியது:

இதுவரை பேசியதில் ஆண்கள் வரவே இல்லை. போர் என்றால் பாலியல் அடிமைத்தனம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. உழைப்புக்காகவும் சாவுக்காகவும் கொண்டுபோகப்படுகிறவர்கள் யார் கணக்கில் வருகிறார்கள்?

2004 ஆகஸ்ட். ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட 12 நேபாள இளைஞர்கள் இராக்குக்கு அனுப்பப்பட்டு, வழியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். அமெரிக்கப் படைத்தளங்களில் சமைக்க, துவைக்க, கூட்டிப் பெருக்க ஆள் எடுத்த ஒப்பந்தச் சங்கிலி அது. மேலே பெரிய நிறுவனம், அதன் கீழே துணை ஒப்பந்தம், அதற்கும் கீழே இன்னொன்று, கடைசியில் கிராமத்துக்கு வந்த ஏஜென்ட். யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். 2012 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று வந்தது. அரசு ஒப்பந்தத்தில் வேலை செய்பவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்றது. என்னைக் கேட்டால் பாதுகாப்பு சபைத் தீர்மானங்களைவிட இது கூர்மையானது. கட்டணம் என்ற முதல் கண்ணியிலேயே கை வைக்கிறது. அதை எவ்வளவு தூரம் கண்காணித்தார்கள் என்பது வேறு கதை.

இப்போது உக்ரைன் போரைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் கியூபா அரசு, ரஷ்யப் படைக்குத் தன் மக்களைச் சேர்க்கும் கடத்தல் கும்பலைக் கண்டுபிடித்ததாக அறிவித்து 17 பேரைக் கைது செய்தது. 2024 ஜனவரியில் நேபாளம் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் வேலை அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில் இந்தியாவின் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து சோதனை நடத்தியது. உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை, படிப்பு என்று சொல்லி அழைத்துப் போய்ப் போர்முனையில் நிறுத்தியிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து போன முன்னாள் ராணுவத்தினர் கதையும் இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயே என்று சொல்லி வாயை அடைக்கிறார்கள். படிக்கத் தெரியாத மொழியில் இருந்த ஒப்பந்தம் அது. பலெர்மோ தெளிவாகச் சொல்கிறது: ஏமாற்றிப் பெற்ற சம்மதம் செல்லாது.

அப்புறம் மியான்மர். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு எல்லைப்பகுதி ஆயுதக் குழுக்களின் நிழலில் இணைய மோசடி முகாம்கள் பெருகின. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்ன கணக்கு: மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் கட்டாயத்தின் பேரில் இந்த மோசடி வேலையில் இருக்கலாம். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன பட்டதாரிகள். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் துண்டித்த பிறகு, மியாவாடி பகுதியில் 7,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியே விடப்பட்டார்கள். விட்டவர்கள் யார்? முகாம்களுக்கு இடமும் காவலும் கொடுத்த அதே ஆயுதக் குழு!

இவர்களில் பலர் ஊர் திரும்பியதும் என்ன ஆயிற்று தெரியுமா? மோசடிக் குற்றவாளி என்று விசாரித்தார்கள்.

---

பாரி எழுதியது:

குறிஞ்சி சொன்ன கடைசி வரியில்தான் எனக்குச் சிக்கல். யாராவது கேட்க வேண்டும் என்பதால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த முகாமில் இருந்தவன் ஏமாற்றியதால் வயதான ஒருவர் வாழ்நாள் சேமிப்பையே இழந்திருக்கலாம். ஐ.எஸ். போன பெண் அங்கே யசீதிப் பெண்ணை வீட்டு அடிமையாக வைத்திருந்திருக்கலாம். எல்லோரையும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிவிட்டால், அவர்களால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில்?

---

மீரா வழக்கறிஞர் எழுதியது:

இந்த இழையில் வந்ததிலேயே கடினமான கேள்வி இது. கேட்டதற்கு நன்றி.

தண்டியாமை என்ற கொள்கை எல்லாக் குற்றத்துக்கும் மன்னிப்புச் சீட்டு இல்லை. கடத்தப்பட்டதன் நேரடி விளைவாக, வேறு வழியின்றிச் செய்தவற்றுக்குத்தான் அது. போலிப் பாஸ்போர்ட், சட்டவிரோத எல்லை தாண்டல், அடிக்குப் பயந்து செய்த மோசடி. இனப்படுகொலையும் சித்திரவதையும் வந்தால் நீதிமன்றம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

டொமினிக் ஓங்வென் வழக்கு அப்படிப்பட்டது. உகாண்டாவில் பள்ளிக்குப் போகும் வழியில் ஏறக்குறைய ஒன்பது வயதில் ஒரு கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டார். அதே படையில் தளபதியாகி, அதே மாதிரிப் பிள்ளைகளைக் கடத்தினார். சிறுமிகளைக் கட்டாய மனைவிகளாகப் பங்கிட்டார். 2021 பிப்ரவரியில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது, மே மாதத்தில் 25 ஆண்டு சிறை விதித்தது. மிரட்டலின் கீழ் செய்தார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது அந்தக் கடத்தப்பட்ட குழந்தையைக் கணக்கில் எடுத்தது. இரண்டு உண்மையையும் ஒரே தீர்ப்பில் வைத்தார்கள். என் மனதுக்கு அது சரியாகவே படுகிறது.

எதிர்ப்பக்கம் ஷமீமா பேகம். 2015இல் 15 வயதில் லண்டனிலிருந்து சிரியா போனார். போன சில நாட்களில் ஐ.எஸ். ஆளுக்குத் திருமணம் செய்துவைக்கப்பட்டார். 2019இல் பிரிட்டன் குடியுரிமையைப் பறித்தது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு ஆணையம், பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டார் என்று நம்பத் தகுந்த சந்தேகம் இருக்கிறது என்றே சொன்னது. சொல்லிவிட்டு, இருந்தாலும் குடியுரிமை பறிப்பு செல்லும் என்றது. 2024இல் மேல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை பாரி. அவரை நாட்டுக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் விசாரித்திருக்கலாம். விசாரணையே இல்லாமல் முகாமில் விட்டுவிட்டால், அவருக்கும் நீதி இல்லை, அவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அந்த ஆளுக்கும் நீதி இல்லை. ஸ்வீடன் 2025 பிப்ரவரியில் அதைச் செய்து காட்டியது. திரும்பி வந்த தன் குடிமகளை, சிரியாவின் ரக்காவில் யசீதிப் பெண்களையும் குழந்தைகளையும் வீட்டில் அடிமைகளாக வைத்திருந்ததற்காக இனப்படுகொலைக் குற்றத்தில் விசாரித்து 12 ஆண்டு சிறை கொடுத்தது. நீங்கள் கேட்ட யசீதிப் பெண்ணுக்கு அங்கே பதில் கிடைத்தது.

---

பாரி எழுதியது:

சரி மேடம். விசாரணையைத் தவிர்ப்பதுதான் இருவருக்கும் அநீதி என்பதை ஏற்கிறேன். ஆனால் மோசடி முகாம் விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. விருப்பத்தோடு போனவனையும் ஏமாந்து போனவனையும் எப்படிப் பிரிப்பார்கள்?

---

குறிஞ்சி எழுதியது:

செல்வி சொன்ன அதே கேள்விகள்தான் பாரி. பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது? வெளியே போக முடிந்ததா? தப்பிக்க நினைத்தவர்களுக்கு என்ன நடந்தது? சம்பளம் கைக்கு வந்ததா, கடனில் கழிந்ததா? உடம்பில் காயம் இருக்கிறதா? நூறு பேரில் சிலர் பொய் சொல்வார்கள், அது எல்லா விசாரணையிலும் உண்டு. கேட்காமலே எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதுதான் இப்போது நடக்கிறது. முதலாளிகள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நழுவிப்போகவும் அதுதான் வசதி.

---

அரசு எழுதியது:

அமைதி காக்கப் போனவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். பொஸ்னியாவில் போர் முடிந்ததும் சர்வதேசப் போலீஸாரும் படையினரும் வந்தார்கள். அவர்கள் வந்த பின்னாலேயே விடுதிகள் முளைத்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து விற்றார்கள். வாடிக்கையாளர்களில் காப்பாற்ற வந்தவர்களும் இருந்தார்கள். இதை வெளியே சொன்ன காத்ரின் போல்கோவாக் என்ற அமெரிக்கப் போலீஸ் அதிகாரியை, அவரை வேலைக்கு எடுத்திருந்த ஒப்பந்த நிறுவனம் நீக்கியது. 2002இல் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் அவர் ஜெயித்தார். தவறு செய்தவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டதோடு சரி. வழக்கிலிருந்து அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால் அங்கே யாரும் வழக்குப் போட முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஐ.நா.வின் 2003 விதிகள், 2004இல் நேட்டோவின் கடத்தல் எதிர்ப்புக் கொள்கை. ஆனால் விசாரிக்கும் அதிகாரம் இன்றுவரை வீரரை அனுப்பிய நாட்டிடமே இருக்கிறது.

---

நெய்தல்வாணன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட எவ்வளவோ ஆழமாகப் போய்விட்டது.

ஒரு பக்கம் விடுபட்டுவிட்டதே என்று தோன்றுகிறது. மீண்டு வந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது? இராக் 2021 மார்ச் 1இல் யசீதி மீண்டவர்களுக்கான சட்டம் கொண்டுவந்தது. மாத உதவித்தொகை, நிலம், படிப்பு, சிகிச்சை. துருக்மென், கிறிஸ்தவ, ஷபக் சமூகப் பெண்களும் உண்டு. அந்தப் பகுதியில் இப்படி ஒரு சட்டம் பெரிய விஷயம். ஆனால் விண்ணப்பிக்கும்போது குற்றப் புகார் பதிவு செய்த ஆவணம் கேட்கப்பட்டதாகப் படித்தேன். முகாமில் இருக்கும் பெண் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? அந்தக் கொடுமையில் பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவே இல்லை. கடத்தப்பட்ட 6,000க்கும் அதிகமானவர்களில் 2,500க்கும் மேல் இன்னும் வீடு திரும்பவில்லை. ஆதாரம் சேகரிக்க 2017இல் அமைத்த ஐ.நா. விசாரணைக் குழுவும் இராக் கேட்டுக்கொண்டதால் 2024 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது.

---

குறிஞ்சி எழுதியது:

பணத்தைப் பற்றி ஒரு வரி. மீண்டு வந்தவர்கள் பெயரில் கடத்தல்காரர்கள் ஏற்கனவே வங்கிக் கணக்கு திறந்து, கடன் வாங்கி, பெயரைக் கெடுத்து வைத்திருப்பார்கள். பிறகு எந்த வங்கியும் அவர்களுக்குக் கணக்கு கொடுக்காது. கணக்கு இல்லாமல் சம்பள வேலை கிடையாது, மறுபடி அதே ஏஜென்ட். லீக்டன்ஸ்டைன் என்ற சிறு ஐரோப்பிய நாடு முன்கை எடுத்த முயற்சியில் சில நாடுகளின் வங்கிகள் இவர்களுக்கு அடிப்படைக் கணக்கு திறந்து தருகின்றன. சின்ன விஷயமாகத் தெரியும். நான் கேள்விப்பட்டதிலேயே நேராகக் கைக்கு எட்டும் உதவி அதுதான்.

---

அரசு எழுதியது:

இன்று நடப்பதையும் பேசுங்கள். சூடான். 2023 ஏப்ரல் 15 முதல் போர். ராணுவத்தோடு மோதும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படையின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், மேற்கே உள்ள டார்ஃபூரின் வட பகுதி உட்பட, பெண்களும் சிறுமிகளும் அடிமைச் சந்தைகளில் விற்கப்படுவதாகத் தகவல்கள் வருகின்றன என்று ஐ.நா. வல்லுநர்கள் 2024 மார்ச்சிலேயே எச்சரித்தார்கள். சிஞ்சாருக்குப் பத்து வருடம் கழித்து! என்ன செய்ய முடியும் என்று யாராவது சொல்லுங்கள்.

---

மீரா வழக்கறிஞர் எழுதியது:

அரசு, டார்ஃபூரில் கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. 2005இலேயே பாதுகாப்பு சபை அதைச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டது. அந்த அதிகாரம் இன்றும் செல்லும். இருபது வருடத்துக்கு முந்தைய குற்றங்களுக்காக ஜன்ஜவீத் ஆயுதக் குழுத் தலைவர் அலி குஷைப் 2025 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததை மறக்க வேண்டாம். சூடானுக்கான பாதுகாப்பு சபைத் தடைக் குழுவும் 2005 முதல் இருக்கிறது. 2024 நவம்பரில் ஆர்.எஸ்.எஃப். தளபதிகள் இருவரைப் பட்டியலில் சேர்த்தார்கள். லிபியாவில் செய்தது போல, ஆட்களை விற்றதையே காரணமாக எழுதிப் பட்டியலிட வேண்டும் என்று உறுப்பு நாடுகள் கேட்கலாம். புதிதாக எந்தத் தீர்மானமும் தேவையில்லை. பெயரும் இடமும் தேதியும் தேவை.

---

தமிழ்ச்செல்வி எழுதியது:

அந்தப் பெயரும் இடமும் தேதியும் டார்ஃபூரை ஒட்டிய சாட் நாட்டின் அட்ரே எல்லைக்கு நடந்து வந்த பெண்களிடம் இருக்கின்றன. ஒரு வேண்டுகோள் மட்டும். சிஞ்சாரிலிருந்து தப்பியவர்களை ஒருவர் மாற்றி ஒருவர் விசாரித்தார்கள். பத்திரிகையாளர், தொண்டு நிறுவனம், விசாரணைக் குழு, மறுபடி பத்திரிகையாளர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். சொன்னதில் சின்ன வித்தியாசம் வந்தால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 2022 ஏப்ரலில் முராத் நெறி என்று ஒரு நடத்தை விதி வந்தது. கேட்பதற்கு முன் இந்தக் கேள்வி தேவையா, வேறு யாரிடமாவது ஏற்கனவே சொல்லிவிட்டாரா, சொன்ன பிறகு இவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்கச் சொல்கிறது.

ஆகவே அட்ரே போன்ற இடங்களுக்கு நிதி கொடுக்கும் நாடுகளிடம் கேட்க வேண்டியது: பதிவு மேசைக்குப் பின்னால் கதவுள்ள ஓர் அறை, அந்த மொழி பேசும் பெண் மொழிபெயர்ப்பாளர்கள், ஒரே ஒருமுறை முறையாக எழுதிப் பாதுகாக்கப்படும் வாக்குமூலம், அன்றிரவே பாதுகாப்பான தங்குமிடம். உதவி குறைப்பு வரும்போது முதலில் வெட்டப்படுவதும் இந்த வரவுசெலவுதான். இதில் யாருக்காவது களத்தில் தொடர்பு இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், டார்ஃபூரில் பேசப்படும் மசாலித் மொழி தெரிந்தவர்கள் குறிப்பாக.